லுவா ஸ்கிரிப்ட் ஒன்று, சர்வர் நாலு: சிஜிஐயில் ஓட்டுவது எப்படி

மாடித் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று போனிலேயே பார்க்க வேண்டும், என் தேவை அவ்வளவுதான். தொட்டி மூடியில் ஒரு அல்ட்ராசோனிக் சென்சார் இருக்கிறது. அது தண்ணீர் மேல்மட்டம் வரைக்குமான தூரத்தைச் சென்டிமீட்டரில் ஒரு ஃபைலில் எழுதிவைக்கும். அந்த எண்ணைப் படித்து ஒரு பக்கமாகக் காட்ட வேண்டும், கூடவே மோட்டார் போட்டவர் தன் பெயரை எழுதிவைக்க ஒரு பெட்டி. இதற்குப் போய் ஃப்ரேம்வொர்க், டேட்டாபேஸ் என்று இறங்கினால் மலையைக் கெல்லி எலி பிடித்த கதைதான். லுவா என்ற குட்டி நிரல்மொழியில் நாற்பது வரிகூட ஆகவில்லை. ராஸ்பெரி பை என்ற கையளவு கம்ப்யூட்டரில் அப்பாச்சி வெப் சர்வரோடு ஆரம்பித்தேன், அங்கிருந்து லைட்டிபிடி என்ற சர்வருக்கு மாற்றினேன், நடுவில் கொஞ்ச நாள் வேறொரு மெஷினில் என்ஜின்எக்ஸ் சர்வர், கடைசியில் ரூட்டருக்குள்ளேயே கொண்டுபோய் வைத்துவிட்டேன். ஸ்கிரிப்ட் அதே ஸ்கிரிப்ட்தான், ஆனால் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு விதமாக உதைத்தது.

ஆரம்பிக்கும் முன் ஒன்று: கமாண்டு, ஃபைல், செட்டிங் பெயர்களை எல்லாம் ஒலிக்கிறபடி தமிழிலேயே எழுதியிருக்கிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள். ரிக்வெஸ்ட்_மெத்தட், குவரி_ஸ்ட்ரிங் மாதிரி சிஜிஐ வேரியபிள்கள் முழுக்க கேப்பிட்டல் எழுத்து, நடுவில் அடிக்கோடு.

சிஜிஐ (காமன் கேட்வே இன்டர்ஃபேஸ்) என்றால் என்ன என்பதை இரண்டு நிமிடத்தில் முடித்துவிடலாம். 1993-இல் அமெரிக்காவின் என்சிஎஸ்ஏ மையத்து சர்வர்காரர்கள் செய்துவைத்த ஏற்பாடு இது, 2004-இல்தான் ஆர்எஃப்சி 3875 என்ற இணைய ஆவணமாக முறையாக எழுதிவைத்தார்கள். பிரவுசர் கேட்டதும் சர்வர் உங்கள் புரோகிராமைப் புதிதாக ஒரு பிராசஸாகக் கிளப்பும். கேட்டது என்ன, எந்த முறையில், கேள்விக்குறிக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதெல்லாம் என்விரான்மென்ட் வேரியபிள்களில் இருக்கும். ஃபாரம் அனுப்பியிருந்தால் அதன் உள்ளடக்கம் ஸ்டாண்டர்ட் இன்புட் வழியாக வரும். புரோகிராம் ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில் முதலில் ஹெடர், ஒரு காலி வரி, அப்புறம் பக்கம் என்று எழுத வேண்டும். எழுதி முடித்ததும் பிராசஸ் செத்துப்போகும். இவ்வளவுதான் ஒப்பந்தம்.

ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு பிராசஸ் பிறந்து சாவதால்தான் சிஜிஐ மெதுவானது என்று பெயர் வாங்கியது. ஆனால் அந்த மெதுவில் பெரும்பங்கு மொழி கிளம்ப எடுத்துக்கொள்ளும் நேரம். லுவா அந்த விஷயத்தில் கெட்டிக்காரன். 1993-இல் ரியோ டி ஜெனிரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் ரொபெர்ட்டோ யெருசலிம்ஸ்கியும் அவரோடு இரண்டு பேரும் சேர்ந்து உருவாக்கியது, போர்த்துகீசில் லுவா என்றால் நிலா. மொத்த இன்டர்பிரெட்டரும் சில நூறு கிலோபைட்தான், சில மில்லிசெகண்டில் கிளம்பிவிடும். நாளைக்கு நூறு தடவை திறக்கப்படும் பக்கத்துக்கு இதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம்.

ஸ்கிரிப்ட்

ஃபைல் பெயர் டேங்க்.லுவா. முதல் வரி #!/யூஎஸ்ஆர்/பின்/லுவா. டெபியன் வகை லினக்ஸில் லுவா போட்டால் இன்டர்பிரெட்டர் லுவா5.4 என்ற பெயரில் வரும், வெறும் லுவா என்ற பெயரும் வழக்கமாகக் கூடவே இருக்கும். எதற்கும் விச் லுவா என்று தட்டிப் பார்த்து, வருகிற முழுப் பாதையை அப்படியே எழுதுங்கள். பாதையை என்வ் வைத்துத் தேடச் சொல்லும் வழக்கம் இங்கே வேண்டாம், சிஜிஐக்குள் பாத் வேரியபிள் நீங்கள் நினைக்கிற மாதிரி இருக்காது.

அடுத்தது ஹெடர். ஐஓ.ரைட் வைத்து "கன்டென்ட்-டைப்: டெக்ஸ்ட்/எச்டிஎம்எல்; கேர்செட்=யூடிஎஃப்-8" என்று எழுதி, அதே சரத்தின் கடைசியில் புதுவரிக் குறி இரண்டு. ஒன்று ஹெடரை முடிக்க, இன்னொன்று அந்தக் காலி வரிக்கு. கேர்செட்டை விட்டுவிட்டால் சில பிரவுசரில் தமிழ் கந்தல் கந்தலாக வரும். ஹெடரை ஸ்கிரிப்ட்டின் முதல் வேலையாகவே எழுதிவிடுங்கள், அப்போதுதான் கீழே எங்கே உடைந்தாலும் பிரவுசரில் பாதிப் பக்கமாவது தெரியும்.

அப்புறம் ஃபைலைத் திறந்து எண்ணைப் படிக்க வேண்டும். ஐஓ.ஓப்பன் தோற்றால் 'நில்' (மதிப்பே இல்லை என்பதற்கு லுவாவின் சொல்) கொடுக்கும், அதைச் சோதிக்காமல் அடுத்த வரிக்குப் போகாதீர்கள். படிக்கும் முறையை ஸ்டார் போட்டு, "*என்", "*ஏ" என்றே எழுதுங்கள். லுவா 5.3-இலிருந்து ஸ்டார் இல்லாமலும் ஓடும், ஆனால் 5.1-க்கு ஸ்டார் வேண்டும், ரூட்டரில் இருப்பது 5.1. கணக்கு எளிது: என் தொட்டியின் உயரம் 125 சென்டிமீட்டர், சென்சார் 35 என்று சொன்னால் தண்ணீர் 90, அதை 100-ஆல் பெருக்கி 125-ஆல் வகுத்தால் 72 சதவீதம்.

சர்வர் பக்கமே போகாமல் முதலில் டெர்மினலில் ஓட்டிப் பாருங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போய்த்தான் முக்கால்வாசிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். சும்மா ஓட்டினால் போதாது. உங்கள் லாகினில் எல்லாம் ஓடும், சர்வரின் பயனராக, என்விரான்மென்ட் எதுவும் இல்லாமல் ஓடுகிறதா என்பதுதான் கேள்வி. சூடோ -யூ டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்வ் -ஐ ரிக்வெஸ்ட்_மெத்தட்=கெட், பிறகு ஸ்கிரிப்ட்டின் முழுப் பாதை. என்வ் -ஐ பழைய என்விரான்மென்ட்டைத் துடைத்துவிடும், டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்பது டெபியனில் வெப் சர்வர்களின் பயனர். இந்த வரியில் ஹெடரும் காலி வரியும் பக்கமும் ஒழுங்காக வந்தால், அதற்கப்புறம் வரும் எந்தக் கோளாறும் சர்வர் செட்டிங்கில்தான் என்று கிட்டத்தட்ட கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

அப்பாச்சி

டெபியனில் ஏ2என்மாட் சிஜிஐ என்று தட்டினால் போதும். உள்ளே த்ரெட் வகை ஓடுகிறதா என்று பார்த்து, ஓடினால் தானாகவே சிஜிஐடி மாடியூலை எடுத்துக்கொள்ளும். ரீஸ்டார்ட் செய்து, ஸ்கிரிப்ட்டை /யூஎஸ்ஆர்/லிப்/சிஜிஐ-பின் ஃபோல்டரில் போட்டு, ஓட்டும் அனுமதிக்கு சிமாட் 755. பிரவுசரில் /சிஜிஐ-பின்/டேங்க்.லுவா. அந்த ஃபோல்டர் ஸ்கிரிப்ட்அலியாஸ் செட்டிங்கில் ஏற்கெனவே இருப்பதால் வேறு எதுவும் எழுத வேண்டியதில்லை. வேறு ஃபோல்டரில் வைத்துத்தான் ஓட்டுவேன் என்றால் அந்த டைரக்டரி பிளாக்கில் ஆப்ஷன்ஸ் +எக்ஸெக்சிஜிஐ ஒரு வரி, ஆட்ஹேண்ட்லர் சிஜிஐ-ஸ்கிரிப்ட் .லுவா ஒரு வரி.

உடைந்தால் பிரவுசர் காட்டுவதை வைத்தே பாதி கண்டுபிடிக்கலாம். ஸ்கிரிப்ட்டின் வரிகளே பக்கமாக வந்து நின்றால், இல்லை டவுன்லோட் ஆனால், ஹேண்ட்லர் செட் ஆகவில்லை. 403 என்றால் எக்ஸெக்சிஜிஐ இல்லை, அல்லது பெர்மிஷன். 500 என்றால் எரர்.லாக் ஃபைலைத் திறங்கள், உங்கள் லுவா கத்தியதெல்லாம் அங்கேதான் போய் விழுந்திருக்கும். அங்கே அடைப்புக்குறிக்குள் ஒரு எண் இருந்தால் அதைப் பாருங்கள், அது லினக்ஸின் எரர் எண். (13) என்றால் அனுமதி இல்லை, சிமாட் மறந்திருப்பீர்கள். (8) என்றால் முதல் வரியில் #! இல்லை, அல்லது அதற்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத பிஓஎம் எழுத்து (சில எடிட்டர்கள் ஃபைலின் தொடக்கத்தில் போடும் குறி) ஒட்டியிருக்கிறது. (2) என்றால் ஃபைல் இல்லை.

இந்த (2) என்னை ஒரு ராத்திரி முழுக்க உட்கார வைத்தது. ஃபைல் கண்ணெதிரே இருக்கிறது, எல்எஸ் அடித்தால் தெரிகிறது, லுவா டேங்க்.லுவா என்று ஓட்டினால் ஓடுகிறது, சர்வர் மட்டும் இல்லவே இல்லை என்று சாதிக்கிறது. விஷயம் என்னவென்றால் அன்று மாலை விண்டோஸ் லேப்டாப்பில் ஒரு எடிட்டரில் திறந்து ஒரு எண்ணை மாற்றி சேவ் செய்திருந்தேன். வரிக்கடைசியில் கேரியேஜ் ரிட்டர்ன் ஒட்டிக்கொண்டது. முதல் வரியைப் படித்த கெர்னல், லுவா என்ற பெயருக்குப் பின்னால் அந்தக் குப்பை எழுத்தையும் பெயரோடு சேர்த்துப் படித்து, அப்படி ஒரு இன்டர்பிரெட்டரே இல்லையே என்றது. இல்லாமல் போனது என் ஃபைல் இல்லை, இன்டர்பிரெட்டர். டாஸ்2யூனிக்ஸ் ஒரு தடவை ஓட்டினால் தீர்ந்தது.

அப்பாச்சியில் இன்னொரு பொறி: டெபியனில் அதன் சர்வீஸ் ஃபைலில் பிரைவேட்டிஎம்பி என்ற செட்டிங் இருக்கிறது. சர்வர் பார்க்கும் /டிஎம்பி வேறு, நீங்கள் பார்க்கும் /டிஎம்பி வேறு. சென்சார் புரோகிராம் /டிஎம்பியில் எழுதினால் ஸ்கிரிப்ட்டுக்கு அந்த ஃபைல் தெரியவே தெரியாது. /வார்/லிப் கீழே ஒரு ஃபோல்டர் செய்து, அதை டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டாவுக்குச் சொந்தமாக்கிவிடுங்கள்.

லைட்டிபிடி

இது எனக்குப் பிடித்த சர்வர், சின்ன மெஷினுக்கு அளவாகத் தைத்த சட்டை. சர்வர்.மாடியூல்ஸ் பட்டியலில் மாட்_சிஜிஐ சேர்த்துவிட்டு, சிஜிஐ.அசைன் செட்டிங்கில் ".லுவா" => "/யூஎஸ்ஆர்/பின்/லுவா" என்று எழுதினால் வேலை முடிந்தது.

இங்கே ஒரு முக்கியமான வித்தியாசம். அப்பாச்சியில் ஸ்கிரிப்ட்டைக் கிளப்புவது கெர்னல், #! வரியைப் பார்த்து. இங்கே லைட்டிபிடியே லுவாவைக் கூப்பிட்டு, ஃபைலை அதன் கையில் கொடுக்கிறது. அதனால் #! வரி தேவையில்லை, சிமாட்டும் தேவையில்லை, வரிக்கடைசியில் விண்டோஸ் குப்பை இருந்தாலும் லுவா கண்டுகொள்ளாமல் ஓட்டிவிடும். வசதிதான், ஆனால் இங்கே ஓடிய ஃபைலை அப்படியே அப்பாச்சிக்குத் தூக்கிப் போனால் படுத்துவிடும். அதனால் தேவையில்லாவிட்டாலும் இரண்டையும் ஒழுங்காகவே வைத்திருங்கள்.

இந்த அசைன் செட்டிங்கை அப்படியே போட்டால் தளத்தில் எங்கே .லுவா இருந்தாலும் ஓட்டும். யாராவது ஃபைல் அப்லோட் செய்கிற வசதி அதே சர்வரில் இருந்தால் இது வீட்டுச் சாவியை வாசலில் வைப்பது மாதிரி. யூஆர்எல் /சிஜிஐ-பின்/ என்று தொடங்கினால் மட்டும் என்ற நிபந்தனைக்குள் எழுதிவிடுங்கள். கூடவே ஸ்டாட்டிக்-ஃபைல்.எக்ஸ்க்ளூட்-எக்ஸ்டென்ஷன்ஸ் பட்டியலிலும் .லுவாவைச் சேருங்கள், பின்னொரு நாள் சிஜிஐயை அணைத்தாலும் உங்கள் ஸ்கிரிப்ட்டின் உள்ளே இருப்பதை சர்வர் அப்படியே வாரி வழங்காது.

என்ஜின்எக்ஸ்

என்ஜின்எக்ஸுக்கு சிஜிஐ தெரியாது, அதன் வேகமான தம்பியான ஃபாஸ்ட்சிஜிஐதான் தெரியும். நடுவில் ஒரு தரகர் வேண்டும், அவர் பெயர் எஃப்சிஜிஐராப். ஆப்ட் வழியாகப் போட்டதும் /ரன்/எஃப்சிஜிஐராப்.சாக்கெட் என்று ஒரு சாக்கெட் (இரண்டு புரோகிராம்கள் பேசிக்கொள்ளும் வாசல்) உருவாகும். என்ஜின்எக்ஸில் /சிஜிஐ-பின்/ லொகேஷனுக்குள் மூன்று வரி: ஃபாஸ்ட்சிஜிஐ_பேரம்ஸ் ஃபைலை இன்க்ளூட் செய்வது, ஸ்கிரிப்ட்_ஃபைல்நேம் பேரமீட்டருக்கு ஸ்கிரிப்ட்டின் முழுப் பாதையைக் கொடுப்பது, ஃபாஸ்ட்சிஜிஐ_பாஸில் அந்த சாக்கெட். இரண்டாவது வரியை விட்டால் எந்த ஃபைலை ஓட்டுவது என்று தரகர் தானாக ஊகிக்கப் பார்ப்பார், அந்த ஊகம் தப்பினால் 403. சிமாட் மறந்தாலும் இங்கே 403தான். 502 வந்தால் தரகரே கடையைத் திறக்கவில்லை, சாக்கெட் ஓடுகிறதா என்று பாருங்கள்.

எஃப்சிஜிஐராப் இயல்பாக ஒரே ஒரு பிராசஸ்தான் வைத்திருக்கும். ஒரு ஸ்கிரிப்ட் பத்து செகண்ட் இழுத்தால் பின்னால் வருபவர்கள் எல்லோரும் ரேஷன் கடை வரிசை மாதிரி நிற்க வேண்டியதுதான். -சி 4 என்று கொடுத்தால் நாலு கவுண்டர் திறக்கும். -எஃப் கொடுத்தால் லுவாவின் எரர்கள் என்ஜின்எக்ஸ் லாகுக்கு வரும், அதையும் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, இங்கே உதைத்தது என்ன? மோட்டார் போட்டவர் பெயரை வாங்கும் பகுதி. ஃபாரம் போஸ்ட் முறையில் வந்தால் கன்டென்ட்_லெங்த் வேரியபிளில் எத்தனை பைட் என்று இருக்கும், அந்த அளவு மட்டும்தான் படிக்க வேண்டும். முழுக்கப் படி என்று "*ஏ" கொடுத்தால், சர்வர் அந்தப் பக்கம் குழாயை மூடாவிட்டால் ஸ்கிரிப்ட் அங்கேயே காத்துக் கிடக்கும். நான் எழுதியிருந்தது இப்படி: ஓஎஸ்.கெட்என்வ் கொடுப்பதை எடு, அது இல்லையென்றால் 0, சரத்தை எண்ணாக்கும் டுநம்பரில் அதைப் போடு, அத்தனை பைட் படி. அப்பாச்சியில் மாதக்கணக்கில் ஓடியது. என்ஜின்எக்ஸில் பக்கத்தைச் சும்மா திறந்தாலே ஹெடருக்குக் கீழே வெறுமை.

காரணம், பக்கத்தைச் சும்மா திறக்கும் கெட் கோரிக்கையில் அப்பாச்சி கன்டென்ட்_லெங்த்தை வைப்பதே இல்லை, நில் வரும், என் 0 வேலை செய்யும். என்ஜின்எக்ஸோ பேரம்ஸ் ஃபைலில் அந்த வரி இருப்பதால் வேரியபிளை வைத்துவிடுகிறது, உள்ளே மதிப்பு காலி. லுவாவில் காலி சரம் என்பது உண்மைக் கணக்கில்தான் சேரும், நில்லும் ஃபால்ஸும் மட்டும்தான் பொய். அதனால் என் "இல்லையென்றால்" எட்டிக்கூடப் பார்க்கவில்லை, காலி சரம் நேராக டுநம்பருக்குப் போய் நில் ஆகி, அதை வைத்துப் படிக்கச் சொன்னதும் ஸ்கிரிப்ட் செத்தது. மருந்து: "இல்லையென்றால் 0" என்பதை டுநம்பருக்கு வெளியே வையுங்கள். உள்ளே "இல்லையென்றால் காலி சரம்". அப்போது நில் வந்தாலும் காலி வந்தாலும் கடைசியில் 0தான். இரண்டு எழுத்து இடம் மாறியதற்கு ஒரு சனிக்கிழமை போனது.

பெயரைப் பிரித்தெடுப்பதிலும் ஒரு வரிசை இருக்கிறது. ஃபாரமில் இடைவெளி + குறியாகவும், மற்ற எழுத்துகள் % போட்டு இரண்டிரண்டு ஹெக்ஸ் இலக்கமாகவும் வரும். முதலில் + குறியை இடைவெளியாக்கி, அப்புறம்தான் % பிரிக்க வேண்டும். மாற்றிச் செய்தால் நிஜமாகவே + தட்டியவரின் + காணாமல் போகும். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8-இல் 3 பைட் என்பதையும் நினைவில் வையுங்கள். அம்மா என்று தட்டினால் அது 5 குறி, 15 பைட், கம்பியில் போகும்போது 45 எழுத்து. லுவாவின் # குறி நீளம் கேட்டால் 15 என்றுதான் சொல்லும். பெயர் இருபதுக்குள் இருக்க வேண்டும் என்று நான் போட்ட கட்டுப்பாட்டில் ஏழாவது குறிக்கே தமிழ்ப்பெயர்கள் மாட்டின. 5.3-இலிருந்து குறிகளை எண்ணும் யூடிஎஃப்8.லென் இருக்கிறது, ரூட்டரின் 5.1-இல் அது கிடையாது, பேசாமல் வரம்பை 150 ஆக்கிவிட்டேன்.

இந்த மாற்றங்களைச் செய்யும் ஜிசப் இரண்டு மதிப்பு திருப்பித் தரும், மாற்றிய சரமும் எத்தனை இடத்தில் மாற்றியது என்ற எண்ணும். நேராக பிரின்ட்டில் போட்டால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு அநாதை எண் நிற்கும். ஒரு வேரியபிளில் வாங்கிக்கொண்டு பிறகு எழுதுங்கள். எழுதும் முன் &, <, > மூன்றையும் மாற்ற வேண்டும், & முதலில். வெளியிலிருந்து வந்த எதையும் கமாண்டு ஓட்டும் ஓஎஸ்.எக்ஸிக்யூட், ஐஓ.பிஓப்பன் பக்கம் விடவே கூடாது. 2014-இல் ஷெல்ஷாக் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது சிஜிஐ தளங்கள்தான் முதலில் அடி வாங்கின, பிரவுசர் அனுப்பும் ஹெடர்கள் என்விரான்மென்ட் வழியாக நேராக பாஷ் ஷெல்லின் வாய்க்குள் போனதால். சொந்தமாக எழுதிய கமாண்டுதான் என்றாலும் ஓஎஸ்.எக்ஸிக்யூட்டுக்கு முன்னால் ஐஓ.எஸ்டிடிஅவுட்:ஃபிளஷ் கூப்பிடுங்கள், இல்லாவிட்டால் கமாண்டின் அவுட்புட் உங்கள் ஹெடரை முந்திக்கொண்டு போய் 500 வாங்கிக் கொடுக்கும்.

ரூட்டர்

ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ரூட்டர் லினக்ஸ் போட்ட ரூட்டரில் யூஎச்டிடிபிடி என்ற குட்டி சர்வர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும், ரூட்டரின் செட்டிங் பக்கமே அதில் சிஜிஐயாகத்தான் வருகிறது. அந்தப் பக்கம் ரொம்ப காலம் லுவாவில்தான் எழுதப்பட்டிருந்தது, இப்போது யூகோடு என்ற வேறு மொழிக்கு மாறிவிட்டார்கள், அதனால் புதிய பதிப்பில் லுவா இல்லையென்றால் பேக்கேஜாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்கிரிப்ட்டை /டபிள்யூடபிள்யூடபிள்யூ/சிஜிஐ-பின் ஃபோல்டரில் போட்டு சிமாட் செய்தால் ஓடும், கன்ஃபிகில் கை வைக்கவே வேண்டாம். பிஸிபாக்ஸ் என்ற குட்டிக் கருவித் தொகுப்பின் எச்டிடிபிடி சர்வரும் இதே மாதிரி சிஜிஐ-பின் ஃபோல்டரைத் தேடும், ரூட்டருக்கு ஏற்றுமுன் லேப்டாப்பில் -எஃப் -பி 8080 கொடுத்து ஒத்திகை பார்க்க அது நல்ல ஆள்.

ராஸ்பெரி பையில் லுவா 5.4 இருந்தபோது பக்கம் 72.0% என்று காட்டியது, ரூட்டரில் 72%. 5.3-இலிருந்து வகுத்தல் எப்போதும் தசமத்தில்தான் விடை தரும். ஸ்ட்ரிங்.ஃபார்மட்டில் %டி போட்டுத் தப்பிக்கலாம் என்று பார்த்தால், சென்சார் அரை சென்டிமீட்டர் சொல்லும் நாளில் 5.4 அதை முழு எண்ணாக்க முடியாது என்று எரர் அடிக்கும். மேத்.ஃப்ளோர் போட்டுவிட்டு எழுதினால் இரண்டிலும் ஒரே விடை.

ரூட்டரில் சென்சார் ஃபைலை /டிஎம்பியில் வையுங்கள். அங்கே அது ராம்தான், நிமிடத்துக்கு ஒரு தடவை எழுதினாலும் ஃபிளாஷ் தேயாது. அப்பாச்சியில் சொன்னதற்கு நேர் எதிர், ஆமாம். ரூட்டரை அணைத்தால் ஃபைல் போய்விடும், அடுத்த நிமிடம் சென்சார் மறுபடி எழுதும் வரை ஸ்கிரிப்ட் "தெரியவில்லை" என்று காட்டட்டும்.

பெரிய விஷயம் கடைசியில்தான் இருக்கிறது. யூஎச்டிடிபிடி ரூட்டாக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள பயனராக ஓடுகிறது, அதனால் உங்கள் ஸ்கிரிப்ட்டும் ரூட். பையில் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டாவாக ஓடியபோது விட்ட ஓட்டை வெறும் ஓட்டை, இங்கே அது வீட்டு நெட்வொர்க் முழுவதையும் திறந்துவிடும் கதவு. /இடிசி/கன்ஃபிக்/யூஎச்டிடிபிடி ஃபைலைத் திறந்து லிசன்_எச்டிடிபி வரியைப் பாருங்கள். 0.0.0.0:80 என்று இருந்தால் ரூட்டரின் வீட்டுப்பக்க முகவரிக்கு மாற்றுங்கள், என் வீட்டில் அது 192.168.1.1:80. கீழேயே இரட்டைக் கோலன் போட்டு ஐபிவி6-க்கு ஒரு வரி இருக்கும், அதையும் எடுத்துவிட்டு, எச்டிடிபிஎஸ் வரிகளுக்கும் இதையே செய்துவிட்டு சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் உங்கள் வெளி முகவரியைத் தட்டிப் பாருங்கள், தொட்டிப் பக்கம் வரக்கூடாது.